கைக்குக் கெடைச்ச புள்ள

எர்ணாவூர், சென்னை-57
12.11.2025, புதன்கிழமை

அன்புத் தம்பி அமானுக்கு, உன் அக்கா மலிகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் ரூமில் இருக்கும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. இங்கே அம்மா, உன் மச்சான், என் மகள் ரூபினா மூவரும் நலம். நான் நலமில்லை.

மரியாதையா எழுதுறது இதோட போதும். இதுக்கு மேல வாய்ல வர்றது தான் கையிலயும் வரும், பொறுத்துக்கோ.

பதினோரு தபா போன் அடிச்சேன், நீ எடுக்கல. வாய்ஸ் போட்டேன், நீ கேட்டுட்டு ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்புன. எங்க வூட்டுல இன்னாத்துக்குடா சிரிப்பு பொம்மை? அதான் பேனாவ எடுத்தேன். ஹபீபுல்லா மாமு நாளான்னிக்கு சார்ஜா பிளேன் ஏறுறாரு. இந்தக் கடுதாசியும் அம்மா குடுத்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலமும் அவர் கையில வருது. அவர் எதிர்ல குந்திகினு நீ கடைசி வரி வரைக்கும் படிச்சா தான் பொட்டலம் உன் கைக்கு வரும்னு மாமுகிட்ட சத்தியம் வாங்கிருக்கேன். டபாய்க்கலாம்னு பாக்காத.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. நீ போட்ட அந்த ஜவ்வாது மலை வீடியோவ எடுத்துடு. எடுத்துட்டு, வெட்டாம முழுசாப் போடு. எங்க தெரு பச்சையம்மா புள்ள புடிக்கிறவ இல்லன்னு உன் மூஞ்சியக் காட்டி, உன் வாயால சொல்லு.

அவளுக்கு இன்னா ஆச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது, அதனால எழுதுறேன். போன சனிக்கிழமை காசிமேட்டுல சங்கராவும் காரப்பொடியும் எடுத்துகினு, எப்பவும் போல மணலி புதுநகருக்குப் போயிருக்கா. பதினாலு வருஷமா அவ மீன் விக்கிற தெரு அது. புதுசா குடி வந்த ஒரு பொம்பள மீன் வாங்க வெளிய வந்தவ, இவ மூஞ்சியப் பாத்துட்டு, இடுப்புல இருந்த கொழந்தைய உள்ள வுட்டு கதவச் சாத்திகினா. பச்சையம்மா ஒண்ணும் புரியாம நிக்கிறா. பத்து நிமிஷத்துல இருவது பேரு கூடிட்டானுங்க. ஒருத்தன் போனை இவ கன்னத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, இவளே தான்னு கத்தியிருக்கான். கூடைய ஒதைச்சு மீனெல்லாம் சாக்கடையில. முடியப் புடிச்சு இஸ்துகினு போயிருக்கானுங்க. அங்க டைலர் கடை வெச்சிருக்குற அருள்பிரகாசம்ன்ற பெரியவரு, பத்து வருஷமா இவகிட்ட தான் மீன் வாங்குறேன், இவள அடிக்கணும்னா என்னையும் அடிங்கடான்னு நடுவுல வந்து நின்னாராம். அவரு அன்னிக்குக் கடையத் தொறக்காம இருந்திருந்தா இந்தக் கடுதாசி வேற மாதிரி வந்திருக்கும்.

ஸ்டேஷன்ல இன்னா சொன்னாங்க தெரியுமா? கொஞ்ச நாளைக்கு நீ அந்தப் பக்கம் வராதம்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அடிச்சவங்கள வராதன்னு சொல்லல. அடி வாங்குனவள வராதன்னாங்க.

அதுலேருந்து பச்சையம்மா வூட்ட வுட்டு வெளிய வர்றதில்ல. தண்ணி புடிக்கக்கூட அவ பொண்ணு மகிழினி தான் வர்றா. ஒம்போது வயசுப் பொண்ணு, ரெண்டு கொடத்தத் தூக்கிகினு தள்ளாடிப் போவுது. ஸ்கூல்ல அதுகிட்ட எவனோ, உங்கம்மா உன்னையும் எங்கேருந்தோ தூக்கினு வந்தாளான்னு கேட்டிருக்கான். அது வந்து பச்சையம்மாகிட்டயே கேக்குது, எம்மா, நான் உன் வயித்துல தான பொறந்தேன்னு. நான் பக்கத்துல நின்னேன். அந்த நிமிஷம் நீ மட்டும் எதிர்ல இருந்திருந்தா உன் போனைப் புடுங்கி அடுப்புல போட்டிருப்பேன்.

இதுக்கெல்லாம் உன் பதில் ஒரு மெசேஜ். அக்கா, நான் போட்டது காமெடி, அதை எவனோ வெட்டி புள்ள புடிக்கிறவ உஷார்னு போட்டா நான் இன்னா பண்றது, இப்ப தான் வியூஸ் ஏறுது, இப்ப போயி எடுக்கச் சொல்றியேன்னு. எவனோ வெட்டுனான்றியே, மொதல்ல வெட்டுனது யாருடா? நீ பாதியா வெட்டுன. அவன் அந்தப் பாதியில பன்னெண்டு செகண்டு வெட்டிகினான். கத்திய நீ தீட்டிக் குடுத்துட்டு, குத்துனது அவன்னு சொன்னா ஆச்சா?

அந்தப் பயணத்த நாங்க கேட்டோமா? நீ தான் லீவுல வந்து, அக்கா, உங்க தெரு பொம்பளைங்க மகாபலிபுரத்தத் தாண்டி எதையும் பாத்ததில்ல, காலாண்டு லீவுல ஒரு வேன் புடிச்சு ஜவ்வாது மலைக்குப் போவோம், ரெண்டாயிரம் வருஷத்து கல்லு வூடெல்லாம் காட்டுறேன்னு ஆசை காட்டுன. உன் மச்சான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல லோடு இருக்குன்னு வரல. அவரு வரலன்னாலும், என் தம்பி கீறான், நீங்க கவலைப்படாதீங்கன்னு நான் தான் சொன்னேன். ஒம்போது பொம்பளைங்க, பதினோரு புள்ளைங்க, அந்த டிரைவரு, நீ.

பொய் சொல்ல மாட்டேன், பயணம் நல்லா இருந்துச்சு. ஆற்காடு தாண்டுனதும் பச்சையம்மா ஜன்னலத் தொறந்து மூச்ச இழுத்துப் பாத்துட்டு, இன்னாடி இது, காத்துல ஒண்ணுமே வாசனை இல்லன்னா. வேனே சிரிச்சுது. ஆரணிக்கு அந்தாண்ட ரோட்டோரம் ஒரு நடுகல்லுகிட்ட நிறுத்துன. ஊரு மாட்ட ஓட்டிகினு போனவங்களத் தொரத்திகினு போயி செத்தவனுக்கு நட்ட கல்லுன்னு வெளக்குன. அந்த ஆளு கால்மாட்டுல ஒரு நாயையும் செதுக்கி வெச்சிருந்தாங்க. நாய்க்கு எதுக்குக் கல்லுன்னு மகிழினி கேட்டதுக்கு, அதுவும் கூட ஓடியிருக்கும்லன்னு நீ சொன்ன பதிலு எனக்குப் புடிச்சுது. மலை ஏற ஏற வளைவுக்கு ஒருத்தி வாந்தி எடுத்தா, ரிஃபானா மட்டும் மூணு தபா. அப்பால சாமைக் கொல்லை, பலா மரம், ஓட்டு வூடு, குளிரு. கல்லுக்கொல்லை ஊரத் தாண்டி அந்தக் கல்லு வூடுங்க. நாலு பக்கமும் பலகக் கல்லு நட்டு, மேல ஒரு கல்ல மூடி, முன்னால வட்டமா ஒரு ஓட்டை. ரூபினா அதுல தலைய வுட்டு, மாமா உள்ள யாருமே இல்லன்னு கத்துனா. அன்னிக்கு பூரா அவ உன் தோள வுட்டு எறங்கல.

மலைக்குப் போற வழியிலயே வேன்ல, எங்க தெரு சட்டத்தப் பத்தி நீ தான் பச்சையம்மாகிட்ட கேட்ட. அவ சொன்னத உன் போன்லயே புடிச்ச. அதையும் வெட்டிட்ட, அதனால இன்னொரு தபா சொல்றேன்.

ரெண்டு வருஷம் முந்தி மார்கழியில உரக் கம்பெனி கொழாய்லேருந்து அமோனியா கேஸ் கசிஞ்சு அந்த வாடை வந்தப்போ தெருவே எழுந்து ஓடுச்சு. ஒவ்வொருத்தியும் தன் புள்ள எங்க, தன் புள்ள எங்கன்னு உள்ளுக்கு ஓட, வெளிய வர்றவங்க மேல மோத, சந்து அடைச்சுகிச்சு. மூச்சு முட்டி கண்ணு தெரியாம நிக்கிற நேரத்துல நாங்களே எங்க புள்ளைங்கள மிதிச்சோம். ரிஃபானா பையனுக்கு முழங்கை ஒடைஞ்சுது. மறுநாள் பச்சையம்மா கொழாயடியில நின்னுகினு சட்டம் போட்டா. இனிமே வாடை வந்தா எவளும் தன் புள்ளையத் தேடக் கூடாது. கைக்குக் கெடைச்ச புள்ளையத் தூக்கு, யாரு புள்ளன்னு பாக்காத. முந்தானையத் தூக்கிப் புடிச்சு காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு. அதுக்குக் குறுக்கால ஓடு. பஸ் ஸ்டாண்டாண்ட வந்து புள்ளைங்கள மாத்திக்கலாம். மொதல்ல எல்லாருக்கும் கோவம், எவளாச்சும் பெத்தத வுட்டுட்டு ஓடுவாளான்னு. அப்பால யோசிச்சா அது தான் சரி. அதுக்கப்பறம் ரெண்டு தபா வாடை வந்துச்சு. ஒரு தபா நான் ரேஷன் கடை க்யூவுல நிக்கிறேன், ரூபினா பச்சையம்மா இடுப்புல பஸ் ஸ்டாண்டுக்குப் போயி சேந்துட்டா. இன்னொரு தபா மகிழினி என் தோள்ல. யாருக்கும் ஒரு கீறல் இல்ல.

இத்த மனசுல வெச்சுகினு அந்தக் காலைய நெனைச்சுப் பாரு. ராத்திரி அந்த ஊரு ஸ்கூல் ரூம்ல படுத்து எழுந்து, வெளிய பல்லு தேய்ச்சுகினு, புள்ளைங்களுக்குத் தலை வாரிகினு நின்னோம். பக்கத்துக் கொல்லைக்குன்னு கீழேருந்து ஒரு டிராக்டர் நெறைய கோழி எரு வந்து நின்னுச்சு. அந்த ஆளு மேல போட்டிருந்த தார்ப்பாயை உருவுனான், அவ்ளோ தான். மூக்க அறுக்குது. கண்ணு எரியுது. அதே வாடை. உனக்கு அது எரு. எங்களுக்கு அப்படி எரிஞ்சா காலு தானா ஓடும், மண்டைகிட்ட கேட்டுகினு இருக்காது. ஒருத்தி வாடைன்னு கத்துனா. மேல ஓடுனவ, புள்ளையத் தூக்குனவ, வாயில பேஸ்ட்டு நொரையோட ஓடுனவ, எல்லாரும் ஓடுனோம். கோழி எருவப் பாத்து இருவது பேரு ஓடுனது சிரிப்பு தான், நானும் இப்ப நெனைச்சா சிரிப்பேன். அந்தச் சிரிப்புல தப்பில்ல.

பச்சையம்மா முந்தானையத் தூக்கி காத்து பாத்தா. அதுக்கு நீ குத்துப்பாட்டு சேத்திருக்க. கொழாயடி மண்ணுல ரெண்டு வயசுப் பையன் ஒருத்தன் குந்திகினு இருந்தான், அந்த ஊருப் புள்ள. அவ கைக்குக் கெடைச்சது அவன் தான். முந்தானைய நனைச்சு அவன் மூஞ்சிய மூடி, தூக்கிகினு மேட்டு மேல ஓடுனா. பெத்தவ, வெள்ளச்சின்னு பேரு, மாட்டுக் கொட்டாயிலேருந்து பாத்துட்டு அலறிகினே தொரத்துனா. யாரோ ஒருத்தி தன் புள்ள மூஞ்சியத் துணியால மூடித் தூக்கிகினு ஓடுனா எவ சும்மா இருப்பா? புடிச்சு ஒரு அறை வுட்டா. அந்த அறைக்கு நீ மணி அடிக்கிற சத்தம் சேத்திருக்க. அதோட வீடியோ முடிஞ்சுது. மேல வடசென்னை லேடீஸ் மலையில ரகளைன்னு பேரு.

அந்த அறைக்கப்பறமும் நீ போன எறக்கல. இருவது நிமிஷம் எடுத்த. அதுல ஊரு ஆம்பளைங்க கட்டையோட சுத்தி நின்னது கீது. நாங்க எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டது கீது. தப்பு எங்களுது, இல்லன்னு சொல்லல. கோழி எருவுக்கா இந்த ஓட்டம்னு ஒரு பெரியவரு சிரிச்சாரு. எங்க ஊரு கதைய டிரைவரு எடுத்துச் சொன்னதும் அவரு சிரிப்ப நிறுத்திட்டு, அந்த டிராக்டர தூரமாக் கொண்டு போயி நிறுத்துடான்னாரு. நாலு நாள் பாத்தவரு புரிஞ்சுகினாருன்னு சொன்னாக்கூட பரவால்ல, நாலு நிமிஷம் பாத்தவரு அமான் அவரு. நீ எங்கூட பொறந்தவன்.

வெள்ளச்சி பையன இடுப்புல வெச்சுகினு, பச்சையம்மாவையே பாத்துகினு நின்னா. அப்பால கேட்டா, என் புள்ளைய நீ தூக்கினு ஓடுனியே, உன் புள்ளைய யாரு தூக்குனான்னு. பச்சையம்மா கன்னத்தத் தடவிகினே, யாராச்சும் தூக்கியிருப்பாங்கன்னா. திரும்பிக்கூடப் பாக்கல. மகிழினி எங்கிட்ட இருந்தா, பச்சையம்மாவுக்கு அது தெரியாது, ஆனா அவளுக்குச் சந்தேகமே இல்ல. வெள்ளச்சி வூட்டுக்குள்ள போயி ஒரு சொம்புல சாமைக் கஞ்சி எடுத்தாந்து, அறைஞ்ச கையாலயே அவளுக்கு ஊத்திக் குடுத்தா. ரெண்டு பேரும் அழுதாங்க. இத்த ஏன்டா வெட்டுன? இதுல சிரிப்பு இல்லன்னா?

பச்சையம்மா உன்ன ஒரு வார்த்தை திட்டல, தெரியுமா? தம்பிக்கு ஒண்ணும் எழுதாத மலிகா, தூர தேசத்துல கீது, மனசு கஷ்டப்படும்னு சொல்றா. தலையில முடி புடுங்குன எடத்துல எண்ண வெச்சுகினே சொல்றா. அதக் கேட்டதும் எனக்கு இன்னும் தான் எரிஞ்சுது. இருவத்தாறு வயசு உனக்கு. தம்பி, தம்பின்னு எல்லாரும் தாங்கித் தாங்கி தான் நீ இப்படி ஆயிட்ட, அதுல எனக்கும் பங்கு கீது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. மழை பேஞ்சுகினே இருக்குறதால முட்டி வலின்னு படுத்துகினு கீறாங்க. உன் வீடியோவ பக்கத்து வூட்டுக்காரங்க காட்டுனாங்களாம், என் புள்ளைய நாலு லட்சம் பேரு பாக்குறாங்கன்னு பெருமை பேசிகினு கீறாங்க. நான் வாயத் தொறக்கல. சக்கரை மாத்திரை ஒழுங்கா போடுறாங்க, கவலைப்படாத.

இனி எழுதப் போறத எழுத வேணாம்னு தான் இருந்தேன். உன் மச்சான்கிட்டகூட சொல்லல.

நீ ஊருக்குப் போறப்போ போன்ல எடமில்லன்னு முழு வீடியோவையும் ரூபினா படிக்கிற டேப்ல ஏத்தி வெச்சுட்டுப் போன. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் சோறு வடிச்சுகினு கீறேன், இவ சுவத்தோரம் குந்திகினு ஒரே எடத்தத் திரும்பத் திரும்ப ஓட்டிகினு இருந்தா. இன்னாடி அதுன்னு போயி பாத்தேன்.

எல்லாரும் ஓடுறாங்க. ஸ்கூல் படிக்கட்டாண்ட ரூபினா நிக்கிறா. நாங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஒரு கையால கர்ச்சீப்ப மூக்குல வெச்சுகினு, இன்னொரு கைய மேல தூக்கிகினு நிக்கிறா, தூக்கிக்கோன்னு. போனைப் பாத்து நிக்கிறா. உன்ன. உன் போன் அவ மேல ரெண்டு செகண்டு நின்னுச்சு. அப்பால பச்சையம்மா பக்கம் திரும்பிடுச்சு.

அன்னிக்கு நான் ரூபினாவப் பாத்துட்டு தான் ஓடுனேன் அமான். என் கைக்குக் கெடைச்சது மகிழினி. என் புள்ள படிக்கட்டாண்ட நிக்கிறது தெரிஞ்சுது, அவளுக்குப் பக்கத்துல நீ நிக்கிறதும் தெரிஞ்சுது. தாய்மாமன் கீறான்னு தான் திரும்பாம ஓடுனேன். கடைசியா அவ தனியா மேட்டுக்கு நடந்து வந்தப்போ, நீ எறக்கி வுட்டிருப்பன்னு நெனைச்சுகினேன். இத்தினி நாளா அப்படியே நெனைச்சுகினு இருந்தேன்.

வெறும் கோழி எரு தானக்கான்னு நீ சொல்லுவ. உனக்குத் தெரியும் அது எருன்னு. அவளுக்குத் தெரியாது. அவ ஆறு வயசுல, செத்துடுவோம்னு நெனைச்சுகினு கைய நீட்டிகினு நின்னா. டேப்பை அணைச்சுட்டு அவ என்னக் கேட்டா, மாமாவுக்கு நம்ம சட்டம் தெரியாதாம்மான்னு. தெரியாதுடி, மாமா வெளியூர்லயே இருக்குறவருல்லன்னு உனக்காகப் பொய் சொன்னேன். அவ நம்புன மாதிரி தலைய ஆட்டுனா. நம்பல.

அதனால தான் முழுசாப் போடுன்றேன். நானே போடுறேன்னு வெச்சுக்கோ, நாப்பது பேரு பாப்பாங்க. நீ போட்டா தான் அந்த நாலு லட்சம் பேரும் பாப்பாங்க. வேன்ல பச்சையம்மா சட்டம் சொல்றதப் போடு. வெள்ளச்சி கேட்டதப் போடு. ரூபினா நிக்கிற எடத்தையும் வெட்டாத. கைய நீட்டுற புள்ளைய யாரும் தூக்கலன்னா எப்படி இருக்கும்னு பாத்தா தான், பச்சையம்மா ஏன் கண்ண மூடிகினு ஒரு புள்ளையத் தூக்குனான்னு பாக்குறவனுக்குப் புரியும். உனக்குக் கேவலமா இருக்கும், தெரியும். நாலு பேரு திட்டுவான். உன் முடியப் புடிச்சு யாரும் தெருவுல இஸ்துகினு போக மாட்டான்.

ஹபீபுல்லா மாமு உன் எதிர்ல குந்திகினு இருப்பாரு. படிச்சுட்டேன்னு அவர்கிட்ட சொல்லு, கருவாட்ட வாங்கிக்கோ. தக்காளி போட்டு செய்யி, காரம் கம்மியாப் போடு, உனக்கு வயிறு ஒத்துக்காது.

கோவத்துல எழுதுனேன்னு உன்ன ஒதுக்கி வெச்சுடல. அஞ்சு வேளையும் உன் பேரச் சொல்லி தான் துவா கேக்குறேன். நீ நல்லா இருக்கணும், ஒழுங்கா தூங்கணும், ஒரு நோய் நொடி அண்டக் கூடாது. அந்த ஊருல உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, யா அல்லாஹ், என் தம்பிக்குக் கிட்ட நிக்கிறவன் கை காலியா இருக்கணும்னு கேக்குறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
மலிகா